மேக் சூடாகிறது, ஆன்ட்டி வைரஸ் மட்டுமா காரணம்?

திங்கள் காலை ஒன்பதரை. வெள்ளிக்கிழமை மூடி வைத்த மேக்புக்கைத் திறந்து, பாஸ்வேர்டு போட்டு, டீயை ஒரு வாய் குடிப்பதற்குள் ஃபேன் இரைய ஆரம்பித்துவிடும். மெயில் திறக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும். தட்டிய எழுத்துகள் இரண்டு நொடி கழித்து மொத்தமாக வந்து விழும். எந்த மென்பொருள் எவ்வளவு சிபியு (கணினியின் மூளையான சிப்) எடுக்கிறது என்று காட்டும் ஆக்டிவிட்டி மானிட்டரைத் திறந்தால், அலுவலகம் போட்டுக்கொடுத்த ஆன்ட்டி வைரஸ் பட்டியலின் தலையில் உட்கார்ந்திருக்கும்: 212 சதவீதம். ஐடி பிரிவில் கேட்டால், "சார், அதை ஆஃப் பண்ண முடியாது, கம்பெனி பாலிசி" என்று ஒரே பதில்தான். பல மாதம் அந்த மென்பொருளைத் திட்டிக்கொண்டே வேலை பார்த்தேன். ஒருநாள் நிதானமாக உட்கார்ந்து கவனித்ததில், பாதித் தப்பு என்னுடையது என்று தெரிந்தது.

முதலில் அந்த 212-ஐப் பார்த்துவிடலாம். நூற்றுக்கு மேல் எப்படிப் போகும் என்று பலர் குழம்புகிறார்கள். ஆக்டிவிட்டி மானிட்டர் 100 என்று காட்டுவது சிபியுவுக்குள் தனித்து வேலை செய்யும் ஒரே ஒரு பகுதியின், அதாவது ஒரு கோரின், முழு உழைப்பை. என்னுடையது பழைய இன்டெல் மேக். நான்கு கோர், ஒவ்வொன்றும் கணக்கில் இரண்டாக வருவதால் மொத்தம் 800. ஆக 212 என்பது நாலில் ஒரு பங்குக்குச் சற்று மேல், அவ்வளவுதான். மிரட்டும் எண்ணாகத் தெரிந்தாலும் மீதி முக்கால் பங்கு சும்மாதான் இருந்தது. அப்படியிருந்தும் மெயில் ஏன் திறக்கவில்லை? இந்தக் கேள்வியில்தான் விஷயமே இருக்கிறது.

ஆப்பிளே வடிவமைத்த சிப் இருக்கும் 'ஆப்பிள் சிலிக்கன்' மேக்கில் இந்தச் சதவீதம் இன்னும் ஏமாற்றும். 2020 நவம்பரில் வந்த எம்1 சிப்பில் வேகமான கோர் நான்கு, மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவழிக்கும் கோர் நான்கு. 'இது அவசரமில்லாத பின்னணி வேலை' என்று முத்திரை குத்தப்பட்ட வேலைகளை மேக்ஓஎஸ் சிக்கனக் கோர்களில் மட்டுமே ஓட்டும். வேகமான கோர்கள் காலியாகக் கிடந்தாலும் அங்கே அனுப்பாது. ஆனால் ஆக்டிவிட்டி மானிட்டருக்கு இந்த வித்தியாசம் கிடையாது. சிக்கனக் கோர் குறைந்த வேகத்தில் மெல்ல ஓடினாலும் 100தான், வேகமான கோர் மூச்சு வாங்க ஓடினாலும் 100தான். அதனால் சிக்கனக் கோர்களில் 300 சதவீதம் எடுத்துக்கொண்டு ஓடும் முழு ஸ்கேன் உங்களுக்குத் தெரியவே தெரியாமல் போகலாம். 40 சதவீதம் காட்டும் ஒன்று உயிரை வாங்கலாம்.

ஏனென்றால் ஆன்ட்டி வைரஸ் செய்வது இரண்டு வெவ்வேறு வேலை. ஒன்று, நேரம் குறித்து வைத்து வட்டு முழுவதையும் மேய்வது. அதற்காக யாரும் காத்திருப்பதில்லை, மெதுவாக நடந்தால் போதும். இன்னொன்று, ஒவ்வொரு ஃபைலும் திறக்கப்படும்போது குறுக்கே நின்று பார்ப்பது. இங்கே ஒரு ஆள் வாசலில் காத்துக்கொண்டு நிற்கிறார். அந்த ஆள் உங்கள் மெயில் செயலி.

இந்தக் குறுக்கே நிற்கும் வேலை எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் உள்ளே போய்ப் பார்க்கலாம். 2019-க்கு முன்பு ஆன்ட்டி வைரஸ் கம்பெனிகள் தங்கள் நிரலின் ஒரு துண்டை மேக்ஓஎஸ்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள்ளேயே செருகி வைத்திருந்தன. அந்தத் துண்டு தடுமாறினால் மொத்த மேக்கும் விழும். 2019-இல் கேட்டலினா பதிப்போடு ஆப்பிள் 'எண்ட்பாயின்ட் செக்யூரிட்டி' என்ற புதிய ஏற்பாட்டைக் கொண்டுவந்து, இவர்களைப் படிப்படியாகக் கெர்னலுக்கு வெளியே அனுப்பியது. இப்போது நடப்பது இப்படி: ஒரு செயலி ஃபைலைத் திறக்கக் கேட்கிறது. கெர்னல் அந்தச் செயலியை நிறுத்தி வைத்துவிட்டு, வெளியே இருக்கும் ஆன்ட்டி வைரஸிடம் "விடலாமா?" என்று கேட்கிறது. ஆன்ட்டி வைரஸ் பார்த்துவிட்டு "விடு" அல்லது "விடாதே" என்கிறது. அதன் பிறகுதான் ஃபைல் திறக்கும். இந்தப் பதிலுக்கு ஒரு கெடு உண்டு. கெடுவுக்குள் பதில் வராவிட்டால் கெர்னல் கேள்வி கேட்டுக்கொண்டிருக்காது, ஆன்ட்டி வைரஸ் பிராசஸையே (ஓடிக்கொண்டிருக்கும் நிரலையே) கொன்றுவிடும். உடனே, பின்னணி வேலைகளைத் தொடங்கிவைக்கும் மேக்கின் லாஞ்ச்டி அதை மறுபடி உயிர்ப்பிக்கும். ஆக்டிவிட்டி மானிட்டரில் அதன் பிஐடி எண் (ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் பிராசஸுக்குக் கிடைக்கும் எண்) அடிக்கடி மாறிக்கொண்டே இருந்தால் இதையும் சந்தேகப்படலாம்.

(2024 ஜூலை 19 அன்று பாதுகாப்பு மென்பொருள் நிறுவனமான கிரவுட்ஸ்ட்ரைக் அனுப்பிய ஒரு கோளாறான அப்டேட்டால் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் விழுந்தது நினைவிருக்கும். அந்த அப்டேட் விண்டோஸுக்கு மட்டும் போனது என்பதால் மேக்குகள் தப்பின. ஆனால் மேக்கில் இப்போது இந்த வகை மென்பொருள் கெர்னலுக்கு வெளியே ஓடுவதால், விழுந்தாலும் தான் மட்டும் விழும். கொஞ்சம் வேகத்தைக் கொடுத்து அந்த நிம்மதியை வாங்கியிருக்கிறோம் என்பது என் கணக்கு.)

அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ச்மேன் மாதிரிதான் இது. வருகிற ஒவ்வொருவரிடமும் பெயர் கேட்டு, நோட்டில் எழுத வைத்து உள்ளே விடுகிறார். வாசலில் திடீரென்று ஐம்பது பேர் வரிசையில் நின்றால் வாட்ச்மேனைத் திட்டிப் பிரயோஜனமில்லை. எந்த வீட்டில் விசேஷம் என்று பார்க்க வேண்டும்.

இதைக் கண்ணால் பார்ப்பது சுலபம். ஆக்டிவிட்டி மானிட்டரில் புதுப்பிக்கும் இடைவெளியை ஒரு நொடிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பக்கத்தில் கட்டளைகளைத் தட்டும் டெர்மினலைத் திறந்து, ஏதாவது ஒரு ஜாவாஸ்கிரிப்ட் ப்ராஜெக்டில், மற்றவர்கள் எழுதிய நிரல் பொதிகளை இறக்கித் தரும் என்பிஎம் இன்ஸ்டால் கட்டளையைக் கொடுங்கள். ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட் (Node) என்ற பிராசஸ் முதலில் மேலே எழும். அடுத்த நொடி ஆன்ட்டி வைரஸ் அதைத் தாண்டி எழும். அதே நேரம் நோட் சரியும். வேலை முடிந்து சரிவதில்லை, அனுமதிக்காகக் காத்து நிற்கிறது. 'நோட் மாட்யூல்ஸ்' ஃபோல்டருக்குள் ஆயிரக்கணக்கில், பெரிய ப்ராஜெக்ட் என்றால் பத்தாயிரக்கணக்கில் துளித்துளி ஃபைல்கள் வந்து இறங்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்வி, ஒரு பதில். ஒரு ஜிபி சினிமா ஃபைல் ஒன்றைப் பிரதி எடுப்பதைவிட ஒரு கேபி ஃபைல்கள் பத்தாயிரத்தைப் பிரதி எடுப்பது ஏன் அதிகம் படுத்துகிறது என்பது இங்கே விளங்கும். இன்ஸ்டால் முடிந்த மறுநொடி இரண்டும் கீழே இறங்கிவிடும்.

மென்பொருள் எழுதாதவர் வீட்டிலும் விசேஷங்களுக்குக் குறைவில்லை. ஸ்பாட்லைட் தேடல், எம்டிஒர்க்கர் என்ற பெயரில் ஃபைல்களைத் திறந்து திறந்து அட்டவணை போடும். டைம் மெஷின் பேக்கப், மாறிய ஃபைல்களையெல்லாம் படிக்கும். போட்டோஸ் செயலி ராத்திரியில் முகங்களை அடையாளம் பார்க்கும். கிளவுட் சிங்க் மென்பொருள் தன் பங்குக்குப் படிக்கும். ஒவ்வொருவரும் தொடும் ஃபைலை ஆன்ட்டி வைரஸும் தொடுகிறது. புதிய மேக்ஓஎஸ் பதிப்புக்கு மாறிய முதல் இரண்டு மூன்று நாள் இவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் வேலையைத் தொடங்குவார்கள். அந்த நாட்களில் எந்த முடிவுக்கும் வரக் கூடாது. சார்ஜரைச் செருகி இரவு முழுக்க ஓட விட்டுவிட வேண்டும்.

இரண்டு ஆன்ட்டி வைரஸ் போட்டுவைத்திருப்பவர்கள் தனி ரகம். முதலாமது ஸ்கேன் செய்ய ஒரு ஃபைலைத் திறக்கும். அதைப் பார்த்து இரண்டாமது "யார் இது, ஃபைலைத் திறக்கிறானே" என்று தானும் எட்டிப்பார்க்கும். ஒன்றை நீக்கிவிடுங்கள், இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

சரி, எந்த வீட்டில் விசேஷம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? சிபியு பட்டியலில் முதல் வரியைப் பார்க்காமல் இரண்டாம், மூன்றாம் வரியைப் பாருங்கள். ஆன்ட்டி வைரஸ் ஏறும்போதெல்லாம் கூடவே ஏறுவது எது? டிஸ்க் என்ற பகுதிக்குப் போய், படித்த பைட்டுகளின்படி வரிசைப்படுத்தினால் இன்னும் தெளிவாகும். அலுவலகங்களில் அதிகம் இருக்கும் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் ஃபார் எண்ட்பாயின்ட்டில் இதற்கென்றே ஒரு புள்ளிவிவர வசதி இருக்கிறது. எந்த பிராசஸ் எத்தனை ஃபைலை ஸ்கேனுக்கு இழுத்தது என்று எண்ணிக் கொடுத்துவிடும். மற்ற மென்பொருள்களிலும் பதிவேடு ஏதாவது ஒரு வடிவில் இருக்கும்.

ஒரு பிராசஸை மட்டும் தப்பாகப் புரிந்துகொள்ளக் கூடாது. கெர்னல்_டாஸ்க் என்று ஒன்று சில நேரம் பல நூறு சதவீதம் காட்டும். அது வேலை செய்யவில்லை, மேக் சூடானதால் மற்றவர்களுக்கு சிபியு கிடைக்காமல் இடத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. சூட்டைக் குறைக்க ஆப்பிள் செய்த ஏற்பாடு அது. மேக்புக்குகளுக்கு ஆப்பிள் சொல்லும் அறை வெப்பநிலை 10 முதல் 35 டிகிரி. மே மாதத்து மதியத்தில் ஏசி இல்லாத அறையில் நம் மேக் எந்தக் கணக்கில் ஓடுகிறது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

எனக்கு அகப்பட்ட விசேஷ வீடு எது தெரியுமா? சிங்க் மென்பொருள். ப்ராஜெக்ட் ஃபோல்டரை நான் டாக்குமெண்ட்ஸுக்குள் வைத்திருந்தேன். டாக்குமெண்ட்ஸ் முழுவதும் கிளவுடுக்குப் போகும்படி அமைத்திருந்ததும் நான்தான். ஆக ஒவ்வொரு என்பிஎம் இன்ஸ்டாலுக்கும் ஃபைல்கள் இறங்கும்போது ஒரு சோதனை, சிங்க் மென்பொருள் படிக்கும்போது இன்னொரு சோதனை, ஸ்பாட்லைட் அட்டவணை போடும்போது மூன்றாவது. மறுபடி டவுன்லோட் செய்துகொள்ளக்கூடிய, யாருக்கும் பேக்கப் தேவையில்லாத ஃபைல்கள் அவை. ப்ராஜெக்டுகளைத் தூக்கி ஹோம் ஃபோல்டரில் 'டெவலப்பர்' என்று ஒன்று உண்டாக்கி அதற்குள் போட்டேன். (அந்தப் பெயரில் ஃபோல்டர் வைத்தால் ஃபைண்டர் தானாகவே சுத்தியல் படம் போட்டுத் தரும். ஆப்பிளுக்கு இப்படிச் சின்னச் சின்ன ஆசைகள் உண்டு.) அந்த ஃபோல்டரை ஸ்பாட்லைட்டிலிருந்தும் விலக்கினேன். ஆன்ட்டி வைரஸின் ஒரு அமைப்பைக்கூடத் தொடவில்லை, வேலை நேரத்து இரைச்சல் பெரும்பாலும் அடங்கியது.

மீதி இருந்தது திங்கள் காலை. அதற்குக் காரணம் வேறு. வாராந்திர முழு ஸ்கேனை ஐடி பிரிவு ஞாயிறு அதிகாலை இரண்டு மணிக்கு வைத்திருந்தது. நல்ல எண்ணம்தான், யாருக்கும் தொந்தரவில்லாத நேரம். ஆனால் அந்த நேரத்தில் மேக்புக் மூடிக்கிடக்கும். நேரம் குறித்து வேலைகளை ஓட்டும் பழைய யூனிக்ஸ் 'கிரான்' என்றால், தூக்கத்தில் தவறிய வேலையைத் தவறியதாகவே விட்டுவிடும். மேக்கின் லாஞ்ச்டி அப்படியல்ல. தூங்கும்போது தவறிய வேலையை, கண்விழித்ததும் முதல் காரியமாகத் தொடங்கும். ஞாயிறு இரண்டு மணி ஸ்கேன் திங்கள் ஒன்பதரைக்கு, நான் டீயை எடுக்கும் அதே கணத்தில் தொடங்கியது இப்படித்தான். லேப்டாப்புக்கு நள்ளிரவு ஸ்கேன் பொருந்தாது. மேக் விழித்திருக்கும், ஆள் எழுந்துபோகும் நேரம்தான் வேண்டும். சாப்பாட்டு நேரம் உத்தமம். மதியம் ஒன்றேகாலுக்கு மாற்றச் சொல்லி எழுதினேன், மாற்றிக் கொடுத்தார்கள்.

அடுத்து, விலக்குப் பட்டியல். இவற்றைச் சோதிக்க வேண்டாம் என்று சொல்லும் இது, 'எக்ஸ்க்ளூஷன்' என்று எல்லா ஆன்ட்டி வைரஸிலும் இருக்கும். வேகம் வேண்டும் என்பவர்கள் முதலில் ஓடுவது இங்கேதான், நிதானமாகக் கை வைக்க வேண்டியதும் இங்கேதான். ஆப்பிளின் நிரல் எழுதும் கருவியான எக்ஸ்கோடு கம்பைல் செய்து குவிக்கும் 'டிரைவ்டு டேட்டா' ஃபோல்டரை விலக்கலாம். அதில் இருப்பதில் பெரும்பகுதி உங்கள் மூல நிரலிலிருந்து உங்கள் மேக்கே செய்தது. டாக்கரின் வட்டு ஃபைலையும், மேக்குக்குள் இன்னொரு கணினியாக ஓடும் விர்ச்சுவல் மெஷின்களின் வட்டு ஃபைலையும் விலக்கலாம். பல ஜிபி அளவுள்ள ஒற்றை ஃபைல் நொடிக்கு நொடி மாறிக்கொண்டிருக்கும்போது அதை வெளியிலிருந்து ஸ்கேன் செய்து பெரிதாக எதுவும் கண்டுபிடிக்க முடியாது. பேக்கப் மென்பொருளின் பிராசஸையும் விலக்கலாம், அது படித்துப் பிரதி எடுப்பதோடு சரி.

நோட் மாட்யூல்ஸ்? நானும் அதை விலக்க ஆசைப்பட்டவன்தான். இணையத்தில் பலரும் கொடுக்கும் யோசனையும் அதுவே. ஆனால் 2025 செப்டம்பரில் 'ஷாய்-ஹுலுத்' என்ற புழு என்பிஎம் பொதிகள் வழியாகப் பரவியது. டெவலப்பரின் கணினியில் கிடக்கும், பாஸ்வேர்டு போல நுழைவு தரும் டோக்கன்களைத் திருடி, அதை வைத்து அவரது மற்ற பொதிகளுக்குள்ளும் தானே நுழைந்துகொண்டது. முன்பின் தெரியாத ஆயிரம் பேர் எழுதிய நிரல் உங்கள் மேக்கில் வந்து இறங்கும் இடம் அது. மற்ற எல்லா இடத்தையும் காவல் காத்துவிட்டு அந்தக் கதவை மட்டும் திறந்துவைப்பதில் எனக்குச் சம்மதமில்லை. சில நிமிடம் காத்திருக்கலாம். அதேபோல டவுன்லோட்ஸ் ஃபோல்டரையோ ஹோம் ஃபோல்டர் முழுவதையுமோ விலக்குகிறவர்கள், ஆன்ட்டி வைரஸையே நீக்கிவிட்டால் கொஞ்சம் மெமரியாவது மிச்சமாகும். டெர்மினலையோ நோட் பிராசஸையோ விலக்குவது இன்னும் மோசம். அவை தொடும் எதையும் யாரும் பார்க்க மாட்டார்கள்.

மெமரியைப் பற்றிச் சுருக்கமாக. ஆன்ட்டி வைரஸ் பலவும் தெரிந்த வைரஸ்களின் அடையாளப் பட்டியலை ரேமிலேயே வைத்திருக்கும், வைத்திருந்தால்தான் சட்டென்று பதில் சொல்ல முடியும். சிஸ்கோ பராமரிக்கும் ஓப்பன் சோர்ஸ் கிளாம்ஏவி, பட்டியலை ஏற்றியதும் ஒரு ஜிபிக்கு மேல் எடுத்துக்கொள்ளும். புதிய பட்டியல் வரும்போது பழையதை வைத்துக்கொண்டே புதியதையும் ஏற்றும் என்பதால், சற்று நேரத்துக்கு அது இரண்டு மடங்காகும். 8 ஜிபி மேக்கில் இது உறைக்கும். விரும்பினால் அந்த இரட்டை ஏற்றத்தை அமைப்பு ஃபைலில் நிறுத்திவிடலாம், மாறும் நேரத்தில் ஸ்கேன் கொஞ்சம் காத்திருக்கும். பொதுவாக ஒரு பிராசஸ் எத்தனை எம்பி எடுக்கிறது என்று கவலைப்படுவதைவிட, மெமரி பகுதியின் அடியில் இருக்கும் 'மெமரி பிரஷர்' வரைபடத்தைப் பாருங்கள். பச்சையாக இருந்தால் கவலையில்லை. மஞ்சள், சிவப்பு என்று போனால் மட்டும் யோசிக்கலாம்.

இவ்வளவு பாடும் தேவையா, மேக்குக்குத்தான் வைரஸே வராதே என்பார்கள். 2012-இல் ஜாவாவில் இருந்த ஓட்டை வழியாக 'ஃபிளாஷ்பேக்' என்ற தீய மென்பொருள் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட மேக்குகளில் புகுந்தது. ஜாவாவின் உரிமையாளரான ஆரக்கிள் பிப்ரவரியிலேயே அடைத்த அந்த ஓட்டையை ஆப்பிள் ஏப்ரலில்தான் அடைத்தது. 2023-இலிருந்து 'அட்டாமிக்' போன்ற திருட்டு மென்பொருள்கள் மேக்கைக் குறிவைத்தே விற்கப்படுகின்றன. பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டு, மேக்கின் பாஸ்வேர்டுப் பெட்டகமான கீசெயின், கிரிப்டோ வாலட் என்று அள்ளிக்கொண்டு போய்விடும். கிராக் செய்த மென்பொருளாகவோ, "இந்தக் கட்டளையை டெர்மினலில் ஒட்டுங்கள்" என்று சொல்லும் போலிப் பக்கமாகவோ வரும்.

ஆப்பிளும் சும்மா இல்லை. தெரிந்த தீய மென்பொருளைத் தடுக்கும் எக்ஸ்புரொடெக்ட் 2009-இலும், டவுன்லோட் செய்த செயலியைத் திறக்கும் முன் சோதிக்கும் கேட்கீப்பர் 2012-இலும் வந்தன. தொற்றியதைத் தேடித் துடைக்கும் ரெமிடியேட்டர் 2022-இல் வந்தது. இவை ஓடுவதே பெரும்பாலோருக்குத் தெரியாது. காரணம், எக்ஸ்புரொடெக்ட் ஒவ்வொரு ஃபைல் திறப்பிலும் குறுக்கே நிற்பதில்லை. ஒரு செயலி முதல்முறை ஓடும்போது, அது மாறியிருந்தால், புதிய அடையாளப் பட்டியல் வந்திருந்தால் என்று சில சமயங்களில் மட்டும் பார்க்கும். ரெமிடியேட்டர் நீங்கள் மேக்கைத் தொடாத நேரம் பார்த்து ஓடும். பார்ப்பது குறைவு, அதனால் பாரமும் குறைவு. வீட்டு உபயோகத்துக்கு, அப்டேட்டுகளை அன்றன்றே போட்டுக்கொண்டு கிராக் மென்பொருள் பக்கம் போகாதவருக்கு, இதுவே போதும் என்றுதான் நினைக்கிறேன். சந்தேகம் வந்தால் கேட்கும்போது மட்டும் ஸ்கேன் செய்யும் கருவி ஒன்று வைத்துக்கொள்ளலாம். வாடிக்கையாளர் தகவலோ கம்பெனி நிரலோ இருக்கும் மேக் என்றால் கதை வேறு. அங்கே ஆன்ட்டி வைரஸ் வைரஸை மட்டும் பார்ப்பதில்லை, ஏதாவது நடந்துவிட்டால் எந்த பிராசஸ் எதைத் தொட்டது என்ற பதிவையும் அதுதான் வைத்திருக்கும்.

ஆத்திரத்தில் ஆக்டிவிட்டி மானிட்டரில் 'ஃபோர்ஸ் க்விட்' அழுத்துவதால் பயனில்லை. லாஞ்ச்டி மறுபடி எழுப்பிவிடும். எழுந்தது பட்டியலை முதலிலிருந்து ஏற்றும், பார்த்து முடித்த ஃபைல்களின் நினைவையும் சிலது இழந்திருக்கும், சூடு கூடத்தான் செய்யும். உண்மையிலேயே வேண்டாம் என்று முடிவு செய்தால் அந்தக் கம்பெனியின் அன்இன்ஸ்டாலரை ஓட்டுங்கள். செயலியைக் குப்பைத்தொட்டிக்கு இழுத்துப் போட்டால் மட்டும், லைப்ரரிக்குள் 'லாஞ்ச் டீமன்ஸ்' ஃபோல்டரில் அதன் மிச்சம் கிடக்கும். 2022-இன் வெஞ்சுரா பதிப்பிலிருந்து செட்டிங்ஸில் 'லாகின் ஐட்டம்ஸ்' பகுதிக்குப் போனால் பின்னணியில் ஓட உரிமை பெற்றவர்களின் பட்டியல் இருக்கிறது. நான் அதைத் திறந்தபோது எப்போதோ நீக்கிவிட்டதாக நினைத்த ஒரு பிரிண்டர் மென்பொருளும், ஒரு பழைய மீட்டிங் செயலியும் அங்கே சௌகரியமாக இருந்தன.

ஐடி பிரிவுக்கு நான் முதலில் எழுதிய மெயில்களில் "மேக் ஸ்லோவா இருக்கு" என்பதைத் தவிர ஒன்றும் இருக்காது. கடைசியாக எழுதியதில் மூன்று வரிதான்: எத்தனை மணிக்கு ஏறுகிறது, கூடவே ஏறும் பிராசஸ் எது, என்ன மாற்றம் வேண்டும். கூடவே ஒரு ஸ்கிரீன்ஷாட். அன்று மாலையே பதில் வந்தது. இப்போது திங்கள் காலைகளில் ஆன்ட்டி வைரஸ் பட்டியலில் நாலாவது ஐந்தாவது இடத்தில் கிடக்கிறது. முதலிடத்தில் பிரவுசர். முப்பத்தொரு டேப். அதற்கும் யாரையாவது திட்டலாமா என்று பார்த்தேன், எல்லாம் நான் திறந்ததுதான்.